உறையில் போட்டு ஒட்டிய தியரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம் ரசிகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஆலன் வேக்' என்ற உளவியல் திகில் விளையாட்டுக்கு அவ்வப்போது கூடுதல் கதைகள் வெளியாகும். அவற்றில் என்ன வரும், யார் திரும்பி வருவார்கள் என்று ரசிகர்கள் தியரி கட்டுவதை, "கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மேளம் அடிப்பது" என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். உவமை நன்றாகத்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு மேளத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சொன்ன விஷயம் சரியில்லை. அந்த மேளக்காரர்களில் நானும் ஒருத்தி.

முதலில் இரண்டு திருத்தங்கள். பிழை பார்த்துப் பழகிய கண், சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இதைச் செய்த ரெமடி, அமெரிக்க நிறுவனம் இல்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரத்தில் 1995-இல் தொடங்கியது. கதை நடப்பதுதான் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், பிரைட் ஃபால்ஸ் என்கிற கற்பனை ஊரில். அடுத்தது, கதாநாயகனின் பெயர் கட்டுரையில் வந்ததுபோல் 'ஆலன் வாக்' இல்லை, வேக். 'ஏ. வேக்' என்று தலைப்பெழுத்தோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். விழித்திருப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வரும். அவன் விழித்திருக்கிறானா, இல்லையா என்பதுதான் கதை முழுக்கக் கேள்வி. ஓர் எழுத்து மாறினால் அந்தக் கேள்வியே காணாமல் போகிறது.

எனக்கு வயது 58. 29 வருடமாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். மொத்தம் 16 மெஷின். பதினொன்று ஆங்கிலம், ஐந்து தமிழ். ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் என்று கலந்து கிடக்கும். காலையிலும் மாலையிலும் பேட்ச். நடுவில் பத்திர எழுத்தர்களுக்கு ஜாப் டைப்பிங். இந்த விளையாட்டு என் வீட்டுக்குள் வந்தது அக்கா மகனால். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் 2023 தீபாவளிக்கு வந்தவன், பயிலகத்தின் பின்னறையில் கம்ப்யூட்டரை இறக்கி வைத்துவிட்டான். ஒரு நாள் ராத்திரி கடைசி பேட்ச் போய், ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கிறேன். பின்னறையில் டைப்ரைட்டர் சத்தம் கேட்கிறது. அங்கே மெஷினே கிடையாது. போய்ப் பார்த்தால், திரையில் ஒரு தாடிக்காரன் இருட்டறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான்.

"சித்தி, இவரும் உங்க ஆளுதான். பதிமூணு வருஷமா ஒரே ரூம்ல டைப் அடிக்கிறார்" என்றான்.

"முதல்ல முதுகை நேரா வெச்சு உட்காரச் சொல்லுடா" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு நானே விளையாடக் கற்றுக்கொண்டேன். குறி பார்த்துச் சுடுவது எனக்கு இன்றுவரை சரியாக வராது. அந்த இடங்களில் அவன் வாங்கிக்கொள்வான். படிக்கிற இடமெல்லாம் என் பொறுப்பு.

இந்த விளையாட்டில் படிக்கிற இடம்தான் அதிகம். 2010-இல் வந்த முதல் பாகத்தில், ஆலன் வேக் என்கிற துப்பறியும் நாவலாசிரியன் மனைவி ஆலிஸோடு பிரைட் ஃபால்ஸுக்கு வருகிறான். எழுத்து வராமல் தவிப்பவன். அங்கே கால்ட்ரன் ஏரிக்கு அடியில் ஓர் இருட்டு இருக்கிறது. அதன் பிடியில் ஒரு கலைஞன் எழுதுவது நிஜமாக நடந்துவிடும். ஆலிஸ் ஏரிக்குள் போய்விடுகிறாள். ஒரு வாரம் என்ன நடந்தது என்று அவனுக்கு நினைவில்லை. வழியெங்கும் டைப் அடித்த தாள்கள் கிடக்கின்றன; எல்லாம் அவன் பெயரில், அவன் எழுதியதாகவே நினைவில்லாத நாவலின் பக்கங்கள். மொத்தம் 106. இனி நடக்கப்போவது முன்கூட்டியே அதில் இருக்கும். கோடாரியோடு ஒருவன் வருவான் என்று படித்துவிட்டு டார்ச்சைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டும். கோடாரி வருவதைவிட, வரும் என்று படித்துவிட்டு நடப்பதுதான் வயிற்றைக் கலக்கும்.

இங்கே ஒரு விதி உண்டு. தியரி கட்டுவது வெட்டி வேலை ஆகாமல் காப்பாற்றுவது இந்த விதிதான். ஏரிக்கு அடியில் எழுதினால் நடக்கும் என்றாலும், இஷ்டத்துக்கு எழுத முடியாது. கதை கதையாக நிற்க வேண்டும். 'எல்லோரும் சுகமாக வீடு திரும்பினார்கள்' என்று சும்மா ஒரு வரி அடித்தால் செல்லாது. திகில் கதை என்றால் பலி விழ வேண்டும். ஒருத்தரை மீட்டால் இன்னொருத்தர் விலை கொடுக்க வேண்டும். அதனால்தான் முதல் பாகத்தின் முடிவில் ஆலிஸை மேலே அனுப்பிவிட்டு ஆலன் உள்ளே தங்கிவிடுகிறான். "இது ஏரி இல்லை, சமுத்திரம்" என்பதோடு முடிகிறது. ஆக, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறவர் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. விலையை யார் கட்டுவார் என்று சொல்ல வேண்டும். ஜாமீன்தாரர் பெயர் இல்லாத கடன் பத்திரத்தை எங்கள் பத்திர எழுத்தர் டைப்புக்கே கொடுக்க மாட்டார்.

அதே 2010-இல் இரண்டு கூடுதல் கதைகள் வந்தன. ஜூலையில் 'தி சிக்னல்', அக்டோபரில் 'தி ரைட்டர்'. உள்ளே தங்கிவிட்டவன் கதி என்ன என்ற கேள்விக்கு அவற்றில் கிடைக்கும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் இயக்கும் ஆலன் பாதி ஆள்தான். புத்தி தெளிந்த பாதி. மீதிப் பாதி எங்கோ ஒரு குடிசையில் பித்துப் பிடித்து, நம்மைத் தாக்கும் கனவை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. போகிற வழியில் காற்றில் வார்த்தைகள் தொங்கும். அதன்மேல் டார்ச் அடித்தால் அந்த வார்த்தை பொருளாகிவிடும். எங்கள் பயிலகத்தில் முதல் வாரம் வந்த பெண், 'யளனகபக' என்று மூன்று பக்கம் அடித்துவிட்டு, நாலாவது பக்கத்தில் தன் பெயரை முதல் முறை அடித்துப் பார்க்கும்போது முகத்தில் ஒன்று வரும். எழுத்து பொருளாவதை நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன். சரி, அது போகட்டும்.

(இனிமேல்தான் விளையாடப் போகிறேன் என்பவர்கள் இந்தக் கடிதத்தை இந்த இடத்தில் மடித்து வைத்துவிடவும். கீழே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கிறேன்.)

தியரிகளில் மூத்தது தாமஸ் ஜேன் பற்றியது. முதல் பாகத்தில் இவர் ஒரு கவிஞர். 1970-இல் அதே ஏரியில் சிக்கி, காதலி பார்பராவை இழந்து, கடைசியில் தன்னையும் தன் எழுத்தையும் உலகத்திலிருந்தே எழுதி நீக்கிவிட்டார். ஒரு விதிவிலக்கு வைத்தார்: ஒரு ஷூ பெட்டிக்குள் இருப்பது மட்டும் அழியாது. அந்தப் பெட்டியைத் திறந்தால் ஒரு பழைய விளக்கு சுவிட்சும் ஒரு தாளும் இருக்கின்றன. தாளில், சின்ன வயதில் இருட்டைக் கண்டு பயந்த ஆலனுக்கு அவன் அம்மா அந்த சுவிட்சைக் கொடுத்த கதை இருக்கிறது. ஆலன் பிறப்பதற்கு முன்னாலேயே ஜேன் எழுதிய தாளா அது? அப்படியென்றால் ஆலனே ஜேன் எழுதிய பாத்திரமா? இல்லை, ஆலன்தான் ஜேனைக் கற்பனை செய்து, பழைய தேதி போட்டுப் பெட்டிக்குள் வைத்தானா?

முன்தேதி போட்ட பத்திரம் எங்கள் தொழிலில் புதிது இல்லை என்பதால் எனக்கு இந்தக் கேள்வி உடனே ஒட்டிக்கொண்டது.

2019-இல் அதே நிறுவனம் 'கன்ட்ரோல்' என்று இன்னொரு விளையாட்டு வெளியிட்டது. அமானுஷ்யங்களை ஆராயும் ஓர் அமெரிக்க அரசு அலுவலகம்தான் களம். அதற்குள் கிடக்கும் நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒன்றில், ஜெஸ்ஸி என்கிற நாயகி தாமஸ் ஜேன் என்ற கவிஞரின் வரிகளைச் சொல்கிறாள். அப்படி ஒரு கவிஞரே கிடையாது, அந்தப் பெயரில் இருந்தவர் ஒரு திரைப்பட இயக்குநர் என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது. ஒரே ஒரு தாள். வேகமாக விளையாடுகிறவர்கள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நாலு வருடம் கழித்து, 2023 அக்டோபரில் 'ஆலன் வேக் 2' வந்தது. அதில் ஜேன் நேரிலேயே வருகிறார். கவிஞராக வரவில்லை, பின்லாந்துக்காரத் திரைப்பட இயக்குநராக வருகிறார். முகமும் ஆலனின் முகம். இல்கா வில்லி என்ற நடிகர்தான் இரண்டு பேராகவும் நடித்திருக்கிறார். அந்த ஒற்றைத் தாளை 2019-இலேயே பிடித்து வைத்துக்கொண்டிருந்தவர்களைத்தான் உங்கள் கட்டுரையாளர் மேளக்காரர்கள் என்கிறார். ஏட்டில் ஒரு சொல் மாறியிருந்தால் பாடபேதம் என்று நாலு பக்கம் உரை எழுதிய ஊர் இது. அவர்களை வேற்று மனிதர்களாக எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

'கன்ட்ரோல்' விளையாட்டின் இரண்டாவது கூடுதல் கதையின் பெயர் மூன்றே எழுத்து: ஏ, டபிள்யூ, ஈ. உலகம் திரிந்துபோகும் நிகழ்வு என்பதற்கு அந்த அலுவலகம் வைத்திருக்கும் சுருக்கம் அது. ஏ-வையும் டபிள்யூ-வையும் பார்த்த மாத்திரத்தில் ஆலன் வேக் வரப்போகிறான் என்று ரசிகர்கள் சொல்லிவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் வெளியானபோது வந்தான். இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். முதலெழுத்தைப் பார்த்துச் சொல்வதை எங்கள் தெருக் கிளி ஜோசியரும் செய்வார். அந்தக் கதை கிளப்பிவிட்ட சந்தேகம்தான் பெரியது. அலுவலகத்துக்கு வந்த ஆபத்தையே தன் கதைக்குத் தேவை என்று ஆலன் எழுதி உண்டாக்கினானா? அல்லது நடப்பதை எப்படியோ பார்த்து எழுதிக்கொண்டானா? என் கணக்கில் இரண்டாவதுதான். அக்கா மகன் முதலாவது என்பான். இதனால் ஒரு நாள் அரை மணி நேரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம்.

அதற்குப் பிறகுதான் உறை முறை வந்தது. தியரி பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கதை வந்த பிறகு எல்லோரும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். என்றைக்குச் சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார் என்று கேட்டால் இருக்காது. கம்ப்யூட்டரில் எழுதி வைத்தாலும் நம்ப முடியாது, அழித்து எழுதலாம். டைப்ரைட்டரில் அடித்தால் அடித்ததுதான். எங்கள் ஸ்பீடு தேர்வில் பத்து நிமிடம். தப்பாக அடித்தால் அது தாளிலேயே உட்கார்ந்திருக்கும், திருத்துகிறவர் வட்டம் போடுவார். அதனால் விதி இப்படி: கூடுதல் கதை வருவதற்கு முன் ஆளுக்கு ஒரு தாள், மெஷினில் அடிக்க வேண்டும். என்ன நடக்கும், ஏன் நடக்கும், எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்கிறாய். பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே பயிலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப், தேதி, கையெழுத்து. ரிப்பன் டப்பாவுக்குள் பூட்டு. தோற்றவர் ஞாயிற்றுக்கிழமை இட்லியும் கடப்பாவும் வாங்கித் தர வேண்டும்.

முதல் உறை 2023 டிசம்பர் முதல் வாரம். 'ஆலன் வேக் 2' முடியும்போது, சாகா ஆண்டர்சன் என்கிற எஃப்.பி.ஐ அதிகாரி தன் மகள் லோகனுக்கு போன் போடுகிறாள். மகள் தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டதாக ஊரே நம்பும்படி கதை அவள் வாழ்க்கையைத் திருத்தி எழுதியிருக்கிறது. சாகா ஒருத்திதான் ஒப்புக்கொள்ளாதவள். போன் அடிக்கிறது. எடுக்கப்படுவதற்குள் திரை இருட்டாகிவிடுகிறது. மகள் இருக்கிறாளா இல்லையா? அக்கா மகன், "இல்லை; திகில் கதைக்கு விலை வேண்டும்" என்று அடித்தான். நான், "இருக்கிறாள்; சாகா சுட்ட ஒளிக்குண்டை நெற்றியில் வாங்கி ஆலன் விலையைக் கட்டிவிட்டான், ஒரே கடனை இரண்டு தடவை வசூலிக்க மாட்டார்கள்" என்று அடித்தேன். டிசம்பர் 11 அன்று 'தி ஃபைனல் டிராஃப்ட்' என்று இலவசமாக ஓர் இணைப்பு வந்தது. முழு விளையாட்டையும் இரண்டாவது முறை ஆடினால் புதிய தாள்களும் நீண்ட முடிவும் கிடைக்கும். போனை லோகன் எடுத்தாள். அந்த ஞாயிறு இட்லி எனக்கு.

இந்த இரண்டாம் முறை ஆட்டம் வெறும் திரும்ப ஆட்டம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். "இது வளையம் இல்லை, சுருள்" என்று ஆலன் சொல்கிறான். திரும்ப வருகிறோம், ஆனால் அதே இடத்துக்கு வருவதில்லை. ஆடுகிறவர் மறுபடி ஆடுவதையே கதையின் அடுத்த சுற்றாக வைத்துவிட்டார்கள். இளநிலைப் பாடத்தை முதுநிலைக்காரி மறுபடி அடிப்பதுபோல. வார்த்தைகள் அதேதான், கை வேறு.

இரண்டாவது உறையில் இரண்டு பேருமே மண்ணைக் கவ்வினோம். 'நைட் ஸ்பிரிங்ஸ்' என்ற பெயர் மட்டும் ஏற்கெனவே தெரியும். அது இந்தக் கதைக்குள்ளேயே ஓடும் ஒரு டிவி தொடர். முதல் பாகத்திலேயே ஆங்காங்கே டிவி பெட்டிகளில் ஓடும். 2024 ஏப்ரலில் நான், "இது ஜேன் எடுத்த தொடர் என்று தெரியவரும்" என்று அடித்தேன். அக்கா மகன், "வார்லின் டோர் யார் என்று சொல்வார்கள்" என்று அடித்தான். டோர் என்பவர் இருட்டுலகத்தில் டிவி பேட்டி நடத்துகிறவர், உலகம் விட்டு உலகம் தாவுகிறவர். 2016-இல் இதே நிறுவனம் செய்த 'குவாண்டம் பிரேக்' விளையாட்டில் மறைந்த லான்ஸ் ரெட்டிக் நடித்த மார்ட்டின் ஹாட்ச் என்ற பாத்திரமும் இவரும் ஒருவரே என்பது பிரபலமான தியரி. ஆனால் 'குவாண்டம் பிரேக்' உரிமை மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது. அந்தப் பெயரை ரெமடி வாய்விட்டுச் சொல்ல முடியாது, கண் ஜாடைதான் காட்ட முடியும். தியரி கட்டுகிறவனுக்குக் கொஞ்சம் வில்லங்கச் சான்றிதழும் பார்க்கத் தெரிய வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். கேட்கவில்லை.

ஜூன் 7 அன்று அறிவித்து, மறுநாளே கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று குட்டிக் கதைகள். ஒன்றில் ஹோட்டல் பணிப்பெண் துப்பாக்கிகளோடு கிளம்பி, வண்ண வண்ண உலகத்தில், தன் அபிமான எழுத்தாளரைக் காப்பாற்றப் போகிறாள். ஒன்றில் ஒருத்தி காபி தீம் பார்க்கில் தன் கூடப்பிறந்தவனைத் தேடுகிறாள். மூன்றாவதில் ஷான் ஆஷ்மோர் என்கிற நிஜ நடிகர் நடிகராகவே வந்து, உலகங்களுக்கு நடுவே ஓடுகிறார்; நடுவில் விளையாட்டு காமிக்ஸ் புத்தகமாகவே மாறிவிடும். மூன்றும் ஆலன் தப்பிப்பதற்காக எழுதிப் பார்த்து உதவாமல் போட்ட வரைவுகள். அதாவது குப்பைக் கூடையை எடுத்து நம் முன்னால் கவிழ்த்துவிட்டார்கள்! 29 வருடமாகத் தினமும் சாயந்திரம் கூடையைக் கொட்டுகிறவள் நான். கசக்கிய தாளில்தான் பிள்ளைகள் உண்மையான வார்த்தைகளை அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியும் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். மூன்றாவது கதையில் டோர் வருகிறாரே என்று அக்கா மகன் பாதி மார்க் கேட்டான். கொடுக்கவில்லை. இரண்டு பேரும் அவரவர் காசில் இட்லி சாப்பிட்டோம்.

மூன்றாவது உறைதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். 'தி லேக் ஹவுஸ்' 2024 அக்டோபர் 22 அன்று வந்தது. 'கன்ட்ரோல்' விளையாட்டின் அரசு அலுவலகம் கால்ட்ரன் ஏரிக்கரையில் வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையம். எஸ்தவேஸ் என்கிற பெண் அதிகாரி அங்கே போய் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். என் தாளில் மறுபடியும் ஜேன். பழைய ஷூ பெட்டியின் மூடி அங்கே கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். என்ன வந்தது தெரியுமா? ஜூல்ஸ் மார்மண்ட், டயானா மார்மண்ட் என்று ஒரு விஞ்ஞானித் தம்பதி. ஒருவரையொருவர் சகிக்காதவர்கள். ஏரியின் சக்தியைத் தாங்கள் சொன்னபடி வேலை வாங்கப் பார்க்கிறார்கள். டயானா ஒரு ஓவியரைப் பிடித்து வைத்துப் பிழிகிறாள். சுவரிலிருந்து வண்ணமே ஆளாக இறங்கி வருகிறது. ஜூல்ஸ் என்ன செய்கிறான் என்றால், ஆலன் வேக்கின் நடையை மெஷினை வைத்தே எழுத வைக்கப் பார்க்கிறான்.

ராத்திரி பத்து மணி இருக்கும். எஸ்தவேஸ் ஒரு கதவைத் திறந்தாள். வரிசை வரிசையாக டைப்ரைட்டர். நாற்காலியில் ஆள் இல்லை. எல்லாம் தானாக அடித்துக்கொண்டிருந்தன.

பதினாறு மெஷின் ஒரே நேரத்தில் ஓடும் சத்தம் எனக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டே எந்த மெஷினில் யார் என்று சொல்வேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை பெய்வதுபோல இருக்கும், ஆனால் ஒரு நாளும் சீராக இருக்காது. ஒருத்தி சுண்டுவிரலைத் தேடி நிற்பாள். ஒருத்தன் தப்பாக அடித்துவிட்டு நாக்கைக் கடிப்பான். அந்த அரை நொடி சத்தத்தில் தெரியும். ஓரத்தில் மணி 'டிங்' என்றதும் தள்ள மறந்து ஒரே இடத்தில் நாலு எழுத்தைக் குத்துகிறவர்கள் உண்டு. அந்தத் தடுமாற்றம்தான் எனக்குப் பயிலகம். திரையில் அந்த அறையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. யாரும் எதையும் தேடவில்லை. எனக்கு முதுகில் வேர்த்துவிட்டது. பெயின்ட் பூசிய பேய் வந்தபோதெல்லாம் வராத பயம் அங்கே வந்தது. "கொஞ்சம் நிறுத்துடா" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் என் மெஷின்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உறை போட்ட பதினாறும் பேசாமல் இருந்தன. கடைசி வரிசை ஃபேசிட்டின் உறை நழுவியிருந்ததைச் சரி செய்தேன். அப்புறம்தான் திரும்பி வந்தேன்.

எழுத்தை இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்று உலகமே பேசுகிற இந்த நாளில் அந்த அறை எதைக் குத்திக்காட்டுகிறது என்று புரியாதவர் யார்? ஆனால் என் தாளில் அது இல்லை. டைப்ரைட்டரை வைத்துப் பிழைக்கிறவள் நான். எழுத்தாளனின் கதை, அரசு ஆராய்ச்சிக்கூடம், ஏரி என்று எல்லாக் குறிப்பும் முன்னால் இருந்தன. நான் ஜேன், ஜேன் என்று ஒரு பெயரைத் தேடிக்கொண்டு, என் மூக்குக்குக் கீழே இருந்த மெஷினைப் பார்க்கவில்லை. தாளை டைப் அடித்து ஒட்டியிருக்காவிட்டால், இப்போது நானும் "எனக்கு அப்பவே தோணிச்சு" என்று உங்களுக்கு எழுதியிருப்பேன். உறையைக் கிழித்துப் பார்த்ததால் எழுத முடியவில்லை.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மோசமான தியரிகள் ஏராளம். 'ஆலன் கோமாவில் இருக்கிறான்', 'எல்லாம் கனவு', 'ஆரம்பத்திலேயே செத்துவிட்டான்'. இவற்றை எந்தக் கதைக்கும் மாட்டலாம், எதையும் விளக்கிவிடலாம், அதனாலேயே ஒன்றுக்கும் உதவாது. கேள்வித்தாளைப் பார்க்காமலே எழுதி வைத்த விடை. ஆனால் அவற்றை வைத்து எல்லோரையும் எடைபோட்டால் எப்படி? 2024 அக்டோபரிலேயே 'சைலன்ட் ஹில் 2' என்ற 2001-ஆம் ஆண்டு திகில் விளையாட்டின் மறு ஆக்கம் வந்தது. அதில் அங்கங்கே பழைய புகைப்படங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கிறுக்கல் வரி. படத்தில் உள்ள பொருட்களை எண்ணி, அந்த எண்ணுக்குரிய எழுத்தை அந்த வரியிலிருந்து எடுத்துக் கோத்தால், 'நீ இங்கே இரண்டு பத்தாண்டுகளாக இருக்கிறாய்' என்று வருகிறது. ஒரு ரசிகர் உட்கார்ந்து எண்ணிக் கண்டுபிடித்தார். நாயகன் திரும்பத் திரும்ப அதே ஊரில் சுற்றுகிறான் என்ற பழைய தியரிக்கு இருபது வருடம் கழித்துக் கிடைத்த பிடிமானம் அது. இந்தப் பொறுமை என் மாணவர்களில் பத்துப் பேருக்கு இருந்தால் முதுநிலையில் எல்லோரும் முதல் வகுப்பு.

கூடுதல் கதை என்று சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். 'ஃபைனல் டிராஃப்ட்' இலவசம் என்று மேலே சொல்லிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் காசுதான். வார இதழில் தொடர்கதை படித்த காலத்தில் என் அம்மாவும் வாராவாரம் காசு கொடுத்துத்தான் வாங்கினார். அடுத்த வாரம் யார் கொலைகாரன் என்று தபால் கார்டில் எழுதி இதழ் அலுவலகத்துக்கே போட்டுவிடுவார். ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அந்தக் கார்டுகளைப் படித்துச் சிரித்தவர்கள் உங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். அம்மாவை அவர்கள் யாரும் மேளக்காரி என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அக்கா மகன் இப்போது சென்னைக்கே போய்விட்டான். கம்ப்யூட்டரும் போய்விட்டது. பின்னறையில் பழைய ரிப்பன் பெட்டிகளை அடுக்கிவிட்டேன். 'கன்ட்ரோல்' இரண்டாம் பாகம் தயாராகிறது என்று 2022-லேயே ரெமடி சொல்லியிருக்கிறது. 'லேக் ஹவுஸ்' கடைசியில் அதற்கு ஒரு ஜாடையும் இருக்கிறது. அதற்கான அவனுடைய உறை போன வாரம் தபாலில் வந்தது. டைப் அடித்திருக்கிறான், எங்கே மெஷின் பிடித்தான் என்று தெரியவில்லை. உறைக்கு மேலேயே இரண்டு எழுத்துப் பிழை.

என் உறையை ரிப்பன் டப்பாவில் வைத்தால் நானே பிரித்துப் பார்த்துவிடுவேனோ என்று இந்த முறை எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தோடு அதையும் இணைத்திருக்கிறேன். ஒட்டி, ஸ்டாம்ப் வைத்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். கட்டுரையாளரும் ஒரு தாள் அடித்து அதன் பக்கத்தில் வைக்கலாம். மெஷின் இல்லையென்றால் ஏதாவது ஒரு நாள் கும்பகோணம் வரட்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆங்கில மெஷின் காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தட்டச்சு ஆசிரியை,
கும்பகோணம்.

இணைப்பு: ஒட்டிய உறை – 1 (ஜேன் பெயர் இந்த முறை இல்லை)